முதல் முக்கோணம் வர எத்தனை மாதம்?

போன வாரம் பழைய நண்பன் ஒருவன் வாட்ஸப்பில் கேட்டிருந்தான். "டேய், பிளேஸ்டேஷன் 6 வரப்போகுதாமே. இந்தத் தடவை உன் பேச்சைக் கேட்கலாமா, வேணாமா?"

இந்தக் கிண்டலுக்குப் பின்னால் பதினெட்டு வருடக் கதை இருக்கிறது. 2007இல் நாங்கள் இருவரும் பெங்களூரில் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். இருவருக்கும் இருபதுகளின் நடுவில் வயது, புது வேலை. அவனுக்கு போனஸ் வந்திருந்தது. பிளேஸ்டேஷன் 3 அந்த வருடம்தான் இந்தியாவுக்கு வந்தது, ஏறக்குறைய 40,000 ரூபாய். "வாங்குடா, பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்று சொன்னது நான். ஒன்றரை வருடம் கழித்து, "இது தேறாதுடா, வந்த விலைக்கு வித்துடு" என்று சொன்னதும் நான்தான். பாதி விலைக்கும் குறைவாகத்தான் போனது. அவன் விற்ற மறு வருடம், அந்தக் கன்சோலின் அருமை தெரிகிற கேம்கள் வரிசையாக வர ஆரம்பித்தன.

ஆக, ஒரே கருவியைப் பற்றி இரண்டு தடவை தப்பாகச் சொல்லியிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், இரண்டு தடவையும் என்னிடம் நல்ல காரணங்கள் இருந்தன. முதல் தடவை எண்கள். இரண்டாவது தடவை சொந்த அனுபவம். நண்பனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, அந்தத் தப்புகள் எப்படி நடந்தன என்று எனக்கே தெளிவாக்கிக்கொள்ளத் தோன்றியது. அதுதான் இந்தக் குறிப்பு.

எண்களின் காலம்

2005 மே மாதம், லாஸ் ஏஞ்சலிஸ். ஈ3 கண்காட்சி தொடங்குவதற்கு முன்பு நடந்த நிகழ்ச்சியில் சோனி பிளேஸ்டேஷன் 3ஐ அறிமுகம் செய்தது. அன்று மேடையில் சொன்ன எண்களை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். மொத்தம் 2 டெராஃப்ளாப்ஸ். அதில் செல் என்ற புது ப்ராசசர் மட்டும் 218 ஜிகாஃப்ளாப்ஸ், அதாவது ஒரு விநாடிக்கு 21,800 கோடி தசமக் கணக்குகள். சோனி, தோஷிபா, ஐ.பி.எம். மூன்றும் சேர்ந்து 2001இல் தொடங்கிய திட்டம் அது. வேலை நடந்தது அமெரிக்காவின் ஆஸ்டினில்.

பி.இ. படிக்கும்போது கணினி வடிவமைப்பு பாடத்தில் ஒரே ப்ராசசரைப் பற்றியே படித்து வந்தவனுக்கு, ஒரு சில்லுக்குள் ஒன்பது மூளைகள் என்பது பெரிய விஷயம். கேம் ஆடுவதில் எனக்கு அப்போதும் இப்போதும் பெரிய திறமை கிடையாது. எனக்கு அந்தச் சில்லின் மேல்தான் காதல்.

அந்த 218 எங்கிருந்து வந்தது என்பதை அன்றே நான் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். செல் சில்லில் பி.பி.இ. என்ற ஒரு பொது மூளையும், எஸ்.பி.இ. என்ற எட்டுச் சிறப்பு மூளைகளும் உண்டு. ஒரு எஸ்.பி.இ. ஒரே நேரத்தில் நான்கு எண்களைக் கையாளும். ஒவ்வொன்றிலும் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் என்று இரண்டு கணக்குகள். வேகம் 3.2 ஜிகாஹெர்ட்ஸ். 4 × 2 × 3.2 = 25.6. எட்டில் ஒன்றை சோனி மூடி வைத்தது. உற்பத்தியில் ஒரு எஸ்.பி.இ. பழுதானாலும் சில்லைத் தூக்கி எறியாமல் பயன்படுத்தலாமே என்ற கணக்கு. மீதி ஏழு. 25.6 × 7 = 179. பி.பி.இ.யின் பங்கையும் சேர்த்தால் 218.

கணக்கு சரி. ஆனால் இது, ஏழு எஸ்.பி.இ.யும் ஒரு நொடிகூடக் காத்திருக்காமல், பெருக்கிக் கூட்டுவதைத் தவிர வேறு வேலையே செய்யாமல் இருந்தால் வருகிற எண். அந்த ஏழிலும் ஒன்றை இயங்குதளம் எடுத்துக்கொண்டது. கேமுக்குக் கிடைத்தவை ஆறு.

உக்கிராண அறையும் எட்டு உதவியாளர்களும்

செல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு என் பழைய உதாரணம் கல்யாண சமையல்.

ஒரு தலைமைச் சமையல்காரர் (பி.பி.இ.). அவருக்குக் கீழே எட்டு உதவியாளர்கள் (எஸ்.பி.இ.). காய் நறுக்குவதில் ஒவ்வொருவரும் மின்னல். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனிச் சின்ன அறையில் இருக்கிறார்கள். அறையில் ஒரு சின்ன மேஜை, 256 கே.பி. அளவு. காயும் அதே மேஜையில்தான், என்ன செய்ய வேண்டும் என்ற செய்முறைத் தாளும் அதே மேஜையில்தான். உக்கிராண அறைக்கு (அதாவது பொது நினைவகத்துக்கு) அவர்கள் நேராகப் போக முடியாது. "இந்தக் கூடையை இங்கே கொண்டுவா" என்று சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். கூடை வரும் வரை காத்திருந்தால் மின்னல் வேகத்தால் ஒரு பயனும் இல்லை. அதனால் ஒரு கூடையை நறுக்கும்போதே அடுத்த கூடை வந்துகொண்டிருக்க வேண்டும்.

சாதாரண ப்ராசசரில் இந்தக் கவலை இல்லை. கேஷ் என்று ஒரு கெட்டிக்காரப் பையன் இருப்பான். கேட்பதற்கு முன்னாலேயே அவன் கொண்டுவந்து வைத்துவிடுவான். செல்லின் உதவியாளர்களுக்கு அவன் இல்லை. அவன் வேலையையும் நிரல் எழுதுகிறவரே செய்ய வேண்டும்.

இன்னொரு குறை: இந்த உதவியாளர்கள் "இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்" என்ற வேலைகளில் தடுமாறுவார்கள். கிளை எந்தப் பக்கம் போகும் என்று ஊகிக்கும் அமைப்பு அவர்களிடம் கிடையாது. கேமில் எதிரி எப்போது ஒளிவான், எப்போது சுடுவான் என்பதெல்லாம் இந்த வகை வேலைதான்.

இதற்கு ஒரு வருடம் முன்பே, 2005 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360இல் ஒரே மாதிரி மூன்று சமையல்காரர்கள். எல்லோருக்கும் ஒரே உக்கிராணம், 512 எம்.பி. பிளேஸ்டேஷன் 3இலும் மொத்தம் 512தான். ஆனால் 256, 256 என்று இரண்டு அறைகளாகப் பிரித்திருந்தார்கள். ஒன்று ப்ராசசருக்கு, மற்றது வரைகலைச் சில்லுக்கு. ஒன்றில் இடம் காலியாக இருந்தாலும் மற்றதற்கு அது எளிதில் உதவாது.

கைக்கு வந்தபோது

பிளேஸ்டேஷன் 3 முதலில் 2006 வசந்தத்தில் வருவதாக இருந்தது. கடைசியில் ஜப்பானில் நவம்பர் 11, வட அமெரிக்காவில் நவம்பர் 17, ஐரோப்பாவில் 2007 மார்ச் 23. விலை 499 டாலர், 599 டாலர் என இரண்டு வகை. 2005இல் காட்டிய பூமராங் வடிவக் கட்டுப்பாட்டுக் கருவி வரவில்லை. வந்த கருவியில் அதிர்வு இல்லை. அது பிறகு வந்த டூயல்ஷாக் 3இல்தான் திரும்பியது. அறிமுக நிகழ்ச்சியில் எல்லோரையும் வாய்பிளக்க வைத்த கில்சோன் முன்னோட்டம், கன்சோலில் ஓடிய காட்சி அல்ல, முன்கூட்டியே தயாரித்த படம் என்பதும் தெரிந்துபோனது.

கேம்கள்? ரெசிஸ்டன்ஸ் போன்ற ஒன்றிரண்டு நன்றாகவே இருந்தன. ஆனால் இரண்டு கன்சோலுக்கும் சேர்த்து வந்த கேம்களில்தான் மானம் போனது. மேடன் 08 எக்ஸ்பாக்ஸ் 360இல் விநாடிக்கு 60 படங்கள் ஓடியது, பிளேஸ்டேஷன் 3இல் 30. நண்பன் இதைப் படித்துவிட்டு, "பத்து வருஷத்துக்குக் கவலை இல்லேன்னியே, பத்து மாசத்துலயே கவலையா இருக்கே" என்றான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்போது பிளேஸ்டேஷன் 3இல் லினக்ஸ் நிறுவ அனுமதி இருந்தது. செல்லுக்கு நிரல் எழுதத் தேவையான கருவிகளை ஐ.பி.எம். இலவசமாகக் கொடுத்தது. நண்பனிடம் கன்சோலைச் சனி, ஞாயிறு மட்டும் கடன் கேட்டேன். ஒரு புகைப்படத்தை மென்மையாக்கும் எளிய நிரல். கல்லூரிப் பையன்கள் செய்வது.

முதல் வாரம், வெறும் பி.பி.இ.யில் ஓட்டினேன். என் அலுவலக மடிக்கணினியைவிட மெதுவாக ஓடியது. இரண்டாவது வாரம், எஸ்.பி.இ.க்கு மாற்றினேன். முகவரி 16 பைட் வரிசையில் அமையாவிட்டால் 'பஸ் எரர்' என்று ஒரே வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். எங்கே, ஏன் என்று ஒன்றும் சொல்லாது. ஒருவழியாக ஓடியபோது முதல் வாரத்தைவிட இன்னும் மெதுவாக இருந்தது! காரணம் நான்தான். கூடை கூடையாகக் கேட்பதற்குப் பதில் ஒவ்வொரு கத்தரிக்காயாகச் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம், பெரிய துண்டுகளாக எடுத்து, ஒன்றை வேலை பார்க்கும்போதே அடுத்ததை வரவழைத்து, ஆறு எஸ்.பி.இ.க்கும் பிரித்துக் கொடுத்தேன். ஞாயிறு ராத்திரி இரண்டு மணிக்கு ஓடிய வேகத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். மடிக்கணினியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இங்கேதான் இரண்டாவது தப்பு செய்தேன். ஒரு சின்ன நிரலுக்கே மூன்று வாரம் என்றால், லட்சக்கணக்கான வரிகள் உள்ள கேமை எவன் இப்படி எழுதுவான் என்று யோசித்தேன். யாரும் எழுதமாட்டார்கள் என்று முடிவு கட்டினேன். "வித்துடு" என்றேன்.

நான் கணக்கில் விட்டது

எழுதினார்கள். நான் விட்ட விஷயம் இது: ஒருவர் பட்ட பாட்டை அடுத்தவரும் முதலிலிருந்து படவேண்டியதில்லை. சோனியின் சொந்தப் பொறியாளர்கள், நாட்டி டாக் ஸ்டுடியோவோடு சேர்ந்து இயங்கிய குழுவினர் உட்பட, எஸ்.பி.இ.யைப் பயன்படுத்தும் முறைகளை எட்ஜ் என்ற நிரல் தொகுப்பாக்கி, பிளேஸ்டேஷன் 3க்கு எழுதும் மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். நான் மூன்று வாரம் பட்ட மாதிரிப் பாடு ஒரு தடவை பட்டு, ஒரு நூலகமாகிவிட்டது.

2009 அக்டோபரில் அன்சார்ட்டட் 2. 2010இல் காட் ஆஃப் வார் 3. அதில் விளிம்புகளில் தெரியும் படிக்கட்டு மாதிரி நெளிவுகளை மழுப்பும் வேலையை வரைகலைச் சில்லிடமிருந்து எடுத்து எஸ்.பி.இ.க்களிடம் கொடுத்திருந்தார்கள். புகைப்படத்தை மென்மையாக்குவதற்குத் தூரத்துச் சொந்தம்தான் அது! 2013இல் லாஸ்ட் ஆஃப் அஸ். எல்லாம் அதே 512 எம்.பி.யில், அதே ஆறு எஸ்.பி.இ.யில். நண்பன் விற்ற பெட்டிக்குள் இவ்வளவும் இருந்தது. எழுதத் தெரிந்தவர்கள் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இதைக் கேட்டு "பார்த்தாயா, செல் ஜெயித்தது" என்றும் சொல்லிவிட முடியாது. பிளேஸ்டேஷன் 2 உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றது. பிளேஸ்டேஷன் 3 சுமார் 8.7 கோடியில் நின்றது. விலையும் தாமதமும் அதற்குக் காரணம். எழுதக் கடினமாக இருந்ததும் ஒரு காரணம். சோனியே அடுத்த கன்சோலில் செல்லைக் கைகழுவியது. 2013 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4இல் இருந்தது ஏ.எம்.டி.யின் எக்ஸ்86 வகை ப்ராசசர், நம் வீட்டுக் கணினி இனம். நினைவகம் 8 ஜி.பி., ஒரே அறை.

முக்கோணக் கணக்கு

பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டையும் வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் மார்க் செர்னி. 2020 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 5 பற்றி அவர் கொடுத்த தொழில்நுட்ப உரையில் ஒரு அளவுகோல் வந்தது. நான் 2005இலிருந்து தேடிக்கொண்டிருந்தது அதுதான் என்று கேட்ட உடனே தெரிந்தது.

முப்பரிமாண கேமில் நீங்கள் பார்க்கும் எல்லாமே, முகம், மலை, தண்ணீர், எல்லாம் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனவை. ஒரு புதுக் கன்சோலுக்குத் தங்கள் கேம் நிரலை எழுத ஆரம்பிக்கும் குழுவுக்கு, திரையில் அந்த முதல் முக்கோணங்கள் வரவும், அடிப்படை வேலை ஓடவும் எவ்வளவு காலம் பிடிக்கிறது? செர்னி சொன்ன கணக்கு இது:

முதல் பிளேஸ்டேஷனுக்கு 1 முதல் 2 மாதம்.
பிளேஸ்டேஷன் 2க்கு 3 முதல் 6 மாதம்.
பிளேஸ்டேஷன் 3க்கு 6 முதல் 12 மாதம்.
பிளேஸ்டேஷன் 4க்கு மறுபடி 1 முதல் 2 மாதம்.
பிளேஸ்டேஷன் 5க்கு ஒரு மாதத்துக்கும் குறைவு.

இந்த ஐந்து வரிகளை நான் 2006இல் வைத்திருந்தால் நண்பனின் பணம் தப்பித்திருக்கும். முதல் முக்கோணத்துக்கே ஒரு வருடம் ஆகும் கன்சோலில், வெளியீட்டு நாளில் வரும் கேம்கள் அந்தக் கருவியைப் பற்றி நமக்குச் சொல்வது மிகக் குறைவு. அவை எழுத்தறிவு கற்கும் குழந்தையின் முதல் பக்கம். அதைப் பார்த்து, குழந்தை தேறுமா தேறாதா என்று சொல்ல முடியாது. விற்கச் சொன்னதும் தப்பு, அவசரப்பட்டு வாங்கச் சொன்னதும் தப்பு. இரண்டு வருடம் பொறுத்து, விலை குறைந்தபிறகு வாங்கச் சொல்லியிருக்க வேண்டும்.

முக்கோணம் சீக்கிரம் வரும் கன்சோலில் கதை வேறு. அங்கே முதல் அபிப்பிராயத்தைக் கொஞ்சம் நம்பலாம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று வந்தது, விலை 49,990 ரூபாய். ஜனவரி 12இல் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. எனக்குக் கிடைத்தது பல மாதம் கழித்துத்தான். பெட்டியைத் திறந்த அரை மணி நேரத்தில் எனக்குத் தெரிந்த விஷயங்கள் இன்றுவரை மாறவில்லை. பெட்டி பெரிசு, டிவி ஸ்டாண்டில் நிற்காது. சத்தம் குறைவு. கூடவே வரும் ஆஸ்ட்ரோஸ் ப்ளேரூமில் மணல்மேல் நடந்தால் மணலும், கண்ணாடிமேல் நடந்தால் கண்ணாடியும் உள்ளங்கையில் தெரிகிறது. என் பையன் முதலில் ஆடிவிட்டு, "அப்பா, லோடிங் எங்கே போச்சு?" என்றான்.

லோடிங் எங்கே போச்சு என்பதற்கு விடை எஸ்.எஸ்.டி. பிளேஸ்டேஷன் 4இன் வன்தட்டிலிருந்து ஒரு ஜி.பி. எடுக்க ஏறத்தாழ 20 விநாடி. பிளேஸ்டேஷன் 5இன் எஸ்.எஸ்.டி. ஒரு விநாடிக்கு 5.5 ஜி.பி. படிக்கும். நம் உக்கிராண உதாரணத்தில் சொன்னால், ஊருக்கு வெளியே இருந்த மொத்தக் கிடங்கை மண்டபத்து வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இதற்கு நிரல் எழுதுகிறவர் பெரிய வித்தை கற்க வேண்டியதில்லை. அதனால்தான் முதல் நாளிலேயே தெரிந்தது.

ஆனால் இங்கேயும் ஒரு காத்திருப்பு இருந்தது, வேறு காரணத்தால். ஹொரைசன் இரண்டாம் பாகம், கிரான் டூரிஸ்மோ 7, காட் ஆஃப் வார் ரக்னராக், இந்த மூன்றும் 2022இல் வந்தவை. மூன்றும் பிளேஸ்டேஷன் 4க்கும் சேர்த்தே வந்தன. பழைய வன்தட்டிலும் ஓட வேண்டும் என்றால் புதுக் கிடங்கை முழுசாக நம்பி ஒரு கேமைக் கட்ட முடியாது. இந்த முறை தடையாக இருந்தது கருவியின் சிக்கல் இல்லை, நம் வீடுகளில் இருந்த கோடிக்கணக்கான பழைய கன்சோல்கள்.

முக்கோணம் சீக்கிரம் வருவதற்கு ஒரு விலையும் உண்டு. எளிதில் எழுதமுடிகிற கருவியில் பின்னால் பெரிய ஆச்சரியங்கள் குறைவு. பிளேஸ்டேஷன் 5ஓடு முதல் நாளே வந்த டீமன்ஸ் சோல்ஸை இன்று போட்டுப் பார்த்தாலும் பழசாகத் தெரியவில்லை. பிளேஸ்டேஷன் 3இன் முதல் நாள் கேமையும் லாஸ்ட் ஆஃப் அஸ்ஸையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு கன்சோல் என்றுதான் சொல்வோம். அந்த மாதிரி வளர்ச்சியை இனி பார்ப்போமா என்பது சந்தேகம்தான். எனக்குள் இருக்கும் செல் பைத்தியத்துக்கு இதில் கொஞ்சம் வருத்தம்.

நண்பனுக்கு இப்படித்தான் பதில் எழுதினேன்:

"டெராஃப்ளாப்ஸைப் பார்க்காதே. மூணு விஷயம் பாரு. ஒண்ணு, கேம் எழுதறவங்களுக்கு அது பழகின இனமா, புது இனமா? பழகினதுன்னா முதல் மாசத்து விமர்சனத்தை நம்பலாம். புதுசுன்னா ரெண்டு வருஷம் தள்ளிப்போடு. ரெண்டு, நீ ஆசைப்படற கேம் பழைய கன்சோல்லயும் வருதா? வந்தா அவசரமே இல்லை. மூணு, கையில பிடிச்சுப் பாரு, சத்தத்தைக் கேளு. அது ரெண்டும் முதல் நாள்லயே தெரிஞ்சிடும், அப்புறம் மாறாது."

அவன் ஐந்து நிமிடத்தில் பதில் போட்டான். "இதை 2007லயே சொல்லியிருக்கலாம்ல?"

2007இல் எனக்குத் தெரியாதேடா. அந்த மூணு வாரமும் உன் கன்சோல்லதான் நான் படிச்சேன்.